சான்சுகேயின் குரல்

என் வீட்டுக்காரர் நாருமி யோசபுரோ ஒரு புளுகு மூட்டை. செத்துப்போன மனுஷனைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேரே இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறேன். காக்கை மாதிரிக் கத்துவார், பூசாரி மூக்கைச் சிந்துவதுபோலவே சிந்துவார். நான் கன்னிப்பெண்ணாக இருந்தபோது ஒரு நாள், "மினோ, உலையில அரிசியப் போட்டியா, இல்ல வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறியா?" என்று என் அம்மாவின் குரல் தோட்டத்திலிருந்து வந்தது. பதறியடித்துக்கொண்டு ஓடினால், ஆப்பிள் மரத்துக்குப் பின்னால் இந்த மனுஷன் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறார். கையில் இருந்த வாளியை எறிந்தேன். அது அவர் தோளில் பட்டது. அடுத்த வருஷம் கல்யாணம்.

கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அவருக்கு ஆப்பிள் தோட்டம். மார்ச் பிறந்துவிட்டால் பனி வெட்டும் கூட்டத்தோடு மலைக்குப் போய்விடுவார். குளிர்காலம் முழுக்க மூடிக்கிடக்கும் கணவாய்ச் சாலையை மே மாத விடுமுறைக்குள் திறந்தாக வேண்டும். உச்சியில் தட்டுவெளி என்று ஓர் இடம். அங்கே மாடி வீட்டையே முழுங்குகிற அளவுக்குப் பனி கிடக்கும். அடியில் சாலை எங்கே போகிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் முன்னால் நடந்துபோய் நீள மூங்கிலால் குத்திப் பார்த்து, ஓரம் இதுதான் என்று கழி நட்டுவைப்பார். பின்னாலேயே ரோட்டரி வண்டி பனியை அள்ளித் தூக்கி எறிந்துகொண்டு வரும்.

கூட்டத்தில் பன்னிரண்டு பேர். வம்பே அங்கேதான். அந்த எண் எங்கள் மலைச்சாமிக்குச் சொந்தம், பெண் தெய்வம் அவள். பன்னிரண்டு பேராக ஏறினால் 'எனக்காக வந்தவர்கள்' என்று அவள் வைத்துக்கொள்வாள். அதனால் மரத்தில் ஒரு பொம்மை செய்து, பதின்மூன்றாவது ஆளாகக் கூட்டிப்போவது வழக்கம். எந்தக் கூட்டத்தில் எவன் செய்தாலும் அந்தப் பொம்மையின் பெயர் சான்சுகேதான். முழங்கை நீளம் இருப்பான். கண்ணும் வாயும் கரியால் வரைந்தவை. எங்கள் சான்சுகேவுக்குத் தலைக்கவசமாக ஒரு தகரக் குவளையைக் கவிழ்த்து ஆணி அடித்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கும் ஒரு சோற்றுருண்டை வைத்தாக வேண்டும். அதைப் பிறகு யார் தின்றார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மலையேறும் வழியில் நிற்கும் சாமிக் கல்லைத் தாண்டி மேலே போய்விட்டால் ஆட்களைத் தலை எண்ணக் கூடாது. எத்தனை பேர் என்று வாயாலும் சொல்லக் கூடாது, அவள் காதில் விழுந்துவிடும். ஆகவே இறங்குவதற்கு முன் மேஸ்திரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்குரியவன் "ஓய்!" என்பான். எல்லாப் பெயருக்கும் "ஓய்" வந்தால் வண்டி கிளம்பும். கடைசிப் பெயர் சான்சுகே. அவனை முதுகில் கட்டிச் சுமக்கிறவன்தான் அவனுக்காகப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் சுமந்தவர் யார் என்று இப்போது தெரிந்திருக்கும்.

மற்ற கூட்டங்களில் சான்சுகேவுக்கு ஒரு முனகல் போதும். இந்த மனுஷன் விடுவாரா? ஜலதோஷம் பிடித்த கிழட்டுச் சேவல் பேசினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு குரலை அவனுக்கென்றே உண்டாக்கினார்.

"சான்சுகே!" என்பார் மேஸ்திரி நாரிதா. அவர் தலை முழு வழுக்கை.

"ஓய்! மேஸ்திரி, தொப்பியப் போடுங்க. உங்க மண்டை வெளிச்சத்துல எனக்குக் கண்ணு கூசுது!"

"இந்தக் கட்டைக்கு வாய் நீளம். ஒரு நாளைக்கு அடுப்புல வெச்சிடுறேன் பாரு."

"வெச்சுப் பாருங்க! உங்களப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் புகையாக் கிளம்பி ஊருக்கே சொல்லிடும்!"

பனியில் நாள் முழுக்க விறைத்துப்போன ஆட்கள் இதற்காகவே காத்திருப்பார்கள். எனக்குத்தான் பிடிக்காது. "ஏய்யா, சாமிக்குக் கணக்குக் காட்டுற பொம்மையை வெச்சா விளையாடுற?" என்று ஒரு நாள் கேட்டேன். "வாய வரைஞ்சுட்டு குரல் குடுக்காம விட்டா பாவமில்லையாடி?" என்றார். வீட்டிலும் அந்தக் குரல் அடங்காது. நான் கோபத்தில் உம்மென்று இருக்கும் நாட்களில் சான்சுகேதான் அடுக்களை வாசலில் வந்து, "மினோ அக்கா, அந்த மனுஷனுக்கு இன்னொரு கிண்ணம் சூப் வேணுமாம், கேக்க பயமா இருக்காம்" என்று மூக்கால் இழுப்பான். சிரிக்காமல் இருக்கப் பார்ப்பேன். முடிந்ததில்லை.

அந்தக் கூட்டத்துக்குச் சமையல் நான்தான். சாமிக் கல்லுக்குக் கீழே, தேவதாரு மரங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு கொட்டகை, அதில் அடுப்பு. பெண்பிள்ளை பனி வெட்டும் கூட்டத்தோடு கல்லைத் தாண்டக் கூடாது. சாமிக்குப் பொறாமை வருமாம். பல் போனதும் மூக்கு ஒழுகுவதுமாக இருக்கும் இந்தக் கும்பலை வைத்துக்கொண்டு அவள் எதற்குப் பொறாமைப்பட வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அது ஏப்ரல் கடைசி. அதிகாலையிலிருந்தே தெற்குக் காற்று, வெந்நீர்ப் பானையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அதுபோல வெதுவெதுப்பு. எங்கள் பக்கத்து வசந்தப் புயல்கள் அப்படித்தான் ஆரம்பிக்கும். கொட்டகையில் மழை பெய்யும்போது மேலே பனி விழும். மழை எங்கே பனியாகிறதோ அங்கே தேவதாருக் காட்டின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும். கோட்டுக்கு மேலே மரமெல்லாம் வெள்ளை, கீழே கறுப்பு. வெள்ளைக் கோடு என்போம். புயல் நாளில் அது ஏறும், இறங்கும். அது எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் மலையில் எதுவும் செய்வோம்.

அன்று கோடு ஏறிக்கொண்டே போனது. வளைவைத் தாண்டியது, குதிரைக்கழுத்தைத் தாண்டியது, பிறகு எங்கேயுமே இல்லை. தட்டுவெளியிலும் மழை. உச்சிவரை காடு கறுப்பாக நனைந்து நின்றது. ஏப்ரலில் அப்படி ஒரு கறுப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அத்தனை பனிக்கு நடுவில் மண் வாசனை வேறு வந்தது. உழுத வயல் வாசனை. எங்கிருந்து வருகிறது என்று வெளியே வந்து முகர்ந்து பார்த்தேன். மலைக்கு மேலேயிருந்துதான் வந்தது. சரிவில் பனிக்கு அடியே தண்ணீர் இறங்கி, புல்லையும் மண்ணையும் விட்டு மொத்தப் பனியும் கழன்றுகொண்டால்தான் அந்த வாசனை வரும். குதிரைக்கழுத்து என்பது சாலைக்கு மேலே நெட்டுக்குத்தலாக நிற்கும் சரிவு. மேலே போகவும் கீழே வரவும் அதன் அடியைத் தவிர வேறு வழி கிடையாது.

பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும், மழைக்குள் லாரி இறங்கி வரும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று இருந்தது. சூப்பை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வாசலுக்கு வந்தேன். லாரி வாசலில் நின்றது. பின்னால் கட்டியிருந்த தார்ப்பாய்க்குள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது.

"மினோ அக்கா! சூடா ஏதாவது குடு. காது ரெண்டும் கழண்டு விழுந்துடுச்சு!"

"காது போனா என்ன, வாய் போகலையே! எறங்கி வாய்யா!" என்று கத்தினேன்.

உள்ளே யாரோ சிரித்தார்கள். தார்ப்பாயைத் தூக்கி ஒவ்வொருவராகக் குதித்தார்கள். சொட்டச் சொட்ட நனைந்து, முக்காடு மூக்குவரை. முன் இருக்கையிலிருந்து மேஸ்திரியும் ஓட்டுநர் கசாயும் இறங்கினார்கள். எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தாயிற்று. நான் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டே போனேன். ஒரு கிண்ணம் மிஞ்சியது.

"அவரு எங்க?" என்றேன்.

"யாரு?"

"எங்க வீட்டுக்காரருங்க. சான்சுகேவ வெச்சு இப்பத்தானே கத்தினாரு."

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். கொட்டகை கல்லுக்குக் கீழே இருக்கிறது, அங்கே எண்ணலாம். எண்ணினார். விரல் பதினொன்றோடு நின்றுவிட்டது. நான் லாரிக்கு ஓடித் தார்ப்பாயைக் கிழிக்காத குறையாக இழுத்தேன். ஒரு கயிற்றுச் சுருளும் ரெண்டு மண்வெட்டியும் கிடந்தன. மனுஷனும் இல்லை, பொம்மையும் இல்லை.

"பேரு கூப்பிட்டேன்மா," என்றார் மேஸ்திரி. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "சத்தியமாச் சொல்றேன், முன்னாடி உக்காந்துக்கிட்டு எல்லார் பேரையும் கூப்பிட்டேன். யோசபுரோன்னு கூப்பிட்டேன், ஓய்னுச்சு. சான்சுகேன்னு கூப்பிட்டேன். ஓய், சீக்கிரம் வண்டிய எடுங்க மேஸ்திரின்னுச்சு. பின்னாடியிருந்துதான் வந்துச்சு."

"பின்னாடியிருந்தா?" என்றார் ரோட்டரி ஓட்டும் கோன். "முன்னாடியிருந்துல்ல வந்துச்சு? அவரு உங்ககூட முன் சீட்டுல இருக்காருன்னுல்ல நாங்க நெனச்சோம்!"

பின்னால் இருந்த அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். முன்னால் இருந்தவர்கள் பின்னால் என்றார்கள். கசாய்க்கும் கொஞ்சம் குரல் மாற்றத் தெரியும். அவரைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

"என்னய எதுக்குய்யா பாக்குறீங்க? ஒரு ஆளு பேருக்கு இன்னொருத்தன் ஓய் சொல்ற ஈனப்பயலா நான்?" என்று அவர் எழுந்து நின்றார். எனக்கு அவர் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. அப்புறம், வாசலில் லாரி நின்றபோது என்னைக் கூப்பிட்டது யார்? கசாய் அப்போது ஸ்டீரிங்கைப் பிடித்தபடி என் கண் எதிரே உட்கார்ந்திருந்தார். யோசிக்கக் கூடாது என்று அந்த நினைப்பை ஓரமாகத் தள்ளிவிட்டேன்.

காலையில் என் வீட்டுக்காரர் கழி நடுவதற்குத் தட்டுவெளியின் மறுகோடிக்குப் போயிருந்திருக்கிறார். மழையும் மூடுபனியும் சேர்ந்து ஒன்றும் தெரியாமல் போனதும் மேஸ்திரி ஊதல் கொடுத்து எல்லோரையும் லாரிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அவர் மட்டும் வந்து சேரவில்லை. தோல்வரை நனைந்துபோய், ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத அந்த வெளியில், இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

"வண்டியத் திருப்புங்க," என்றேன்.

மேஸ்திரி பதில் சொல்வதற்குள் மலை பதில் சொல்லிவிட்டது. தூரத்தில் ஓர் உறுமல், காலடியில் ஓர் அதிர்வு, பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பிறகு அந்த மண் வாசனை இன்னும் பலமாக வந்தது. குதிரைக்கழுத்தில் ஒரு பக்கம் கழன்று விழுந்துவிட்டது.

"மிச்சமும் தொங்கிக்கிட்டு நிக்குதும்மா," என்றார் மேஸ்திரி. "மழை பெய்யிறவரைக்கும் அது அடியில போனா யாரும் திரும்ப மாட்டோம். அங்க மழை பனியா மாறணும். மாறினா சரிவு இறுகும். புதுப்பனி சேர்றதுக்குள்ள ஓடிப்போயி ஓடிவந்துடலாம். கோடு எறங்கட்டும்."

அவர் சொன்னது சரிதான், மலையடிவாரத்தில் பிறந்த எனக்கும் அது தெரியும். தெரிந்ததனால்தான் எனக்கு வெறி பிடித்த மாதிரி ஆயிற்று. கோடு இறங்க வேண்டுமானால் குளிர வேண்டும். குளிர் முதலில் உச்சியில்தான் விழும். நனைந்த உடம்போடு அந்த மனுஷன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மழை பனியாகி, துணி விறைத்து, அதற்கப்புறம்தான் குதிரைக்கழுத்துக்கு வரும். எது அவரைக் கொல்லுமோ அது வந்தால்தான் எங்களுக்கு வழி திறக்கும். நான் சாமிக் கல்லுக்கு முன்னால் போய் நின்றேன். என்ன வேண்டிக்கொள்வது? சீக்கிரம் குளிரட்டும் என்றா, குளிரவே வேண்டாம் என்றா? வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி அவளைத் திட்டினேன். அதுதான் அன்றைக்கு என் பூஜை.

காற்று திரும்பியது. தெற்கிலிருந்து அடித்தது சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் மூச்சே இல்லை. அப்புறம் வடமேற்கிலிருந்து கத்தி மாதிரி வந்தது. மேகம் ஒரு கை அகலம் விலகியது. உச்சி வெளுத்திருந்தது.

வாசலில் நின்று அந்தக் கோட்டையே பார்த்தேன். அது இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. மேகம் மூடும், திறக்கும், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கறுப்பு மரங்கள் குறைந்திருக்கும். சத்தமே இல்லாமல் யாரோ ஒருவர் மரம் மரமாகத் தொட்டுக்கொண்டு கீழே வருவதுபோல் இருந்தது. இன்னும் வேகமா வாடி, வேகமா வா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது, அங்கே அவர் விரல் விறைப்பது எனக்கே தெரிந்த மாதிரி.

கோடு குதிரைக்கழுத்துக்கு அடியிலிருக்கும் ஒற்றைத் தேவதாருவைத் தொட்டது. "ஏறுங்கடா!" என்றார் மேஸ்திரி. ஆட்கள் தாவி ஏறினார்கள். நான் என் வீட்டுக்காரரின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

"அம்மா, நீங்க வேண்டாம். பொம்பளைங்க..."

"உங்க சாமிக்குப் பொறாமைன்னா எங்கிட்ட வந்து பேசச் சொல்லுங்க. எனக்கும் அவகிட்டப் பேச வேண்டியது இருக்கு."

"அதில்லம்மா," கோன் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஏறினா பன்னெண்டு ஆகுது."

ஓர் ஆளைக் கீழே விட்டுப் போகலாம்தான். ஆனால் மண்வெட்டி பிடிக்க ஒவ்வொரு கையும் வேண்டும். நான் இறங்குவதாக இல்லை. அடுப்படிக்கு ஓடிச் சூப்பு மொள்ளும் மரக் கரண்டியை எடுத்தேன். அடுப்புக் கரியால் அதன் குழிந்த முகத்தில் ரெண்டு கண், ஒரு வாய். தலையில் என் கைக்குட்டையைக் கட்டினேன். "இவன் சான்சுகே. இப்பக் கெளம்புங்க," என்றேன்.

கல்லைத் தாண்டுமுன் மேஸ்திரி பெயர் கூப்பிட்டார். நாரிதா என்று தன் பெயரைத் தானே கூப்பிட்டு, தானே ஓய் சொல்லிக்கொண்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். "மினோ!" "ஓய்." "சான்சுகே!" கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் மூக்கால் "ஓய்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. என் குரலே எனக்கு அசிங்கமாக இருந்தது.

விழுந்த பனியும் மண்ணும் முறிந்த மரமுமாகச் சாலையில் பாதியை அடைத்துக் கிடந்தது. அங்கே லாரியை விட்டுவிட்டு நடந்தோம். பேசக் கூடாது என்று மேஸ்திரி கையைக் காட்டினார். தலைக்கு மேலே மிச்சச் சரிவு தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஓடிய தண்ணீரெல்லாம் அப்படியே உறைந்து போயிருந்தது. சொட்டும் சத்தம்கூட இல்லை. நான் கரண்டியை மார்போடு பிடித்துக்கொண்டு அதன் அடியில் போனேன். பயமா என்றால் பயம்தான்.

தட்டுவெளியில் வானமும் தரையும் ஒரே வெள்ளை. அவர் நட்ட கழிகள் கொஞ்ச தூரம் தெரிந்தன, பிறகு அவையும் இல்லை. ஊதலை ஊதினார்கள். "யோசபுரோ! யோசபுரோ!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். நானும் கத்தினேன். காற்று ஒவ்வொரு குரலையும் பிடுங்கிக்கொண்டு போனது. கடைசிக் கழியைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டோம். வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. மேஸ்திரி நின்றார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. குதிரைக்கழுத்தில் புதுப்பனி சேர்ந்துகொண்டிருக்கிறது, திரும்பினால்தான் உண்டு.

எனக்கு ஏன் அப்படித் தோன்றியதோ தெரியாது. அந்த மனுஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரமாட்டார், வீட்டிலும் அப்படித்தான். நான் நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, "சான்சுகே!" என்று கத்தினேன்.

"ஓய்! எத்தன தடவதான் கூப்பிடுவீங்க? இங்கதான் இருக்கோம்!"

எங்கள் பின்னாலிருந்து, இடது பக்கம். கூப்பிடு தூரம்கூட இல்லை, அடுத்த அறையிலிருந்து பேசியதுபோல. காற்று அந்தக் குரலைத் தொடவே இல்லை. அத்தனை பேரும் கேட்டோம். கசாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரிதான் முதலில் ஓடினார்.

பனியில் ஒரு மேடு, அதில் மூங்கில் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. வரும்போது அதற்குப் பக்கத்திலேயே நடந்து தாண்டியிருக்கிறோம். தோண்டினோம். குழிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். புருவமும் மீசையும் பனிக்கட்டி. கோட்டுக்குள்ளே, நெஞ்சோடு ஒட்டி, தகரக் குவளைத் தொப்பியோடு அந்தக் கட்டை. முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். கண் மட்டும் அசைந்தது. தாடை இறுகிப் பூட்டிக்கொண்டிருந்தது. பல்லுக்கு நடுவே என் சுண்டுவிரல் நகத்தைக்கூட விட முடியவில்லை. அந்த வாயால் ஒரு முனகல்கூட வந்திருக்க முடியாது. மேஸ்திரியும் அதைப் பார்த்தார். அவரைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினோம். லாரியை எட்டிய கொஞ்ச நேரத்தில் பின்னால் குதிரைக்கழுத்து மொத்தமாக இறங்கும் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் ரெண்டு கால்விரலை எடுத்தார்கள். பேச்சு வந்ததும் முதலில், "அடியே, நீயாடி மலைக்கு வந்த? கரண்டியத் தூக்கிக்கிட்டா?" என்று சிரித்தார். அப்புறம் வீட்டுக்கு வந்து, ஆப்பிள் பூக்கிற நேரத்தில் ஒரு மத்தியானம், கேட்காமலே சொன்னார்.

"மழையில நனைஞ்சு நின்னப்ப மேஸ்திரி பேரு கூப்பிடுறது பக்கத்துல கேக்குற மாதிரி கேட்டுச்சுடி. என் பேரு வந்துச்சு. வாயத் தொறந்தேன், சத்தம் வரல. என் நெஞ்சுக்குள்ளேயிருந்து இவன் சொல்றான், ஓய்னு. என் பேருக்கு இவன் சொல்றான்! அப்புறம் அவன் பேருக்கும் சொன்னான். வண்டி கெளம்புற சத்தமும் கேட்டுச்சு."

"பாவி! அவனா எல்லாரையும் உன்ன அங்க விட்டுட்டு வரவெச்சான்?"

"அவன்தான். எல்லாரும் போனதும், இனிமே நீயும் நானும்தான்னான். நான் பண்ணிக் குடுத்த அதே குரல்ல. நேரம் போறது தெரியாம பேசிக்கிட்டே இருந்தான். எனக்குத் தூக்கம் வந்தா கெட்ட கெட்ட வார்த்தையாத் திட்டுவான், நீ திட்டுவியே அந்த மாதிரி. மழை பனியா மாறினப்ப, எனக்கு இனி முடியாது, வீட்டுக்குப் போகணும்னேன். போ, ஆனா என் குரல எங்கிட்ட விட்டுட்டுப் போன்னான். அது எனக்குன்னு பண்ணினதுதானே, நீ எதுக்கு எடுத்துட்டுப் போறேன்னான். நியாயமாத்தான் பட்டுச்சு. தலைய ஆட்டினேன். அப்பத்தான் நீ கூப்பிட்ட."

புளுகு மூட்டை என்று முதலிலேயே சொன்னேன். குளிரில் மூளை குழம்பியிருக்கும் என்றார் ஆஸ்பத்திரியில் ஒருவர். இருக்கட்டும். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குரல் அவருக்கு வரவில்லை. காக்கை வந்தது, பூசாரி வந்தார், என் அம்மா வந்தாள். சான்சுகே மட்டும் வரவில்லை. எனக்காக ஒரு தடவை முயன்றார். வாயைக் குவித்து மூக்கைச் சுருக்கினார், வெறும் காற்றுதான் வந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, இனிமேல் வேண்டாம் என்று நானே கெஞ்சினேன். பொம்மையை மேஸ்திரி சாமிக் கல்லடியில் கொண்டுபோய் வைத்தார். அடுத்த வருஷம் புதுப் பொம்மை. பெயர் கூப்பிட்டால் அதைச் சுமந்தவர் வெறுமனே முனகினார். பிறகு பெரிய வண்டிகள் வந்தன, ஆட்கள் குறைந்தார்கள், பன்னிரண்டு என்ற பேச்சே போயிற்று.

அவர் மலைக்குத் திரும்பிப் போகவில்லை. ஆப்பிளோடு ஆப்பிளாக வயசானார். வசந்தப் புயல் வரும் நாட்களில் மட்டும் வாசலில் நின்று கோடு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். அது இறங்கி எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போன இலையுதிர் காலத்தில், அறுவடை முடிந்த பிறகு, வயிற்றில் கட்டி வந்து செத்துப்போனார். நல்ல சாவுதான். கடைசிவரைக்கும் நர்ஸ் பெண்களைக் காக்கைக் குரலில் பயமுறுத்திக்கொண்டிருந்தார்.

இந்த ஏப்ரலில் மறுபடியும் அந்தத் தெற்குக் காற்று வந்தது. அந்த மண் வாசனையும் வந்தது. மத்தியானம் காற்று திரும்பியது. நான் அடுக்களையில் சோறு வைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கோடு இறங்கி வந்தது. காடு, கல், பழைய கொட்டகை, எங்கள் தோட்டத்தின் கடைசி வரிசை என்று ஒவ்வொன்றாக வெளுத்தது. வாசலில் மழைச் சத்தம் நின்றுபோயிற்று. பனி விழுந்தால் சத்தம் இருக்காது. அந்த அமைதிக்குள், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, மூக்கால் இழுத்துக்கொண்டு ஒரு குரல் பெயர் கூப்பிட்டது.

"நாரிதா!" என்றது. மேஸ்திரி போய் நாலு வருஷம் ஆகிறது. "கோன்!" என்றது. அவரும் இல்லை. "யோசபுரோ!" என்றது. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் ஒரு சின்ன இடைவெளி. என்ன பதில் வந்ததோ, எனக்குக் கேட்கவில்லை. திருப்தியாகிவிட்டதுபோல் அடுத்த பெயருக்குப் போயிற்று.

"மினோ!"

எத்தனை வருஷத்துப் பழக்கம்! "ஓய்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். மறுபடியும் கூப்பிட்டது. "மினோ அக்கா!" என்றது, கெஞ்சுவதுபோல், சூப்புக் கேட்கிற மாதிரி. சுவரில் தொங்கிய கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கரியால் போட்ட கண்ணும் வாயும் அதில் இன்னும் லேசாகத் தெரிகின்றன.

"சோறு அடுப்புல இருக்கு! ஆப்பிளுக்குக் கிளை வெட்டி முடிக்கல! இந்த வருஷம் முடியாது, போ!" என்று கத்தினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை.

கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சோறு தீய்கிற வாசனை வரும்வரை அழுதேன். பயந்துபோய் அழுதேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் குரலில் என் பெயரைக் கேட்டு அத்தனை வருஷம் ஆகிவிட்டது.